தொட்டுப் பார்க்க ஒரு அருங்காட்சியகம்!



அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே சிலைகளுக்குப் பக்கத்தில் என்ன எழுதி வைத்திருப்பார்கள்? 'தொடாதீர்கள்!' அதுதானே? நம் விரல்களில் உள்ள வியர்வையும் எண்ணெய்ப் பசையும் திரும்பத் திரும்பப் பட்டால், கல்லும் உலோகமும் நாளடைவில் கெட்டுவிடும். ஆகவே, அந்த விதி நியாயமானதுதான்.

ஆனால், கண்பார்வை இல்லாத ஒருவர் அங்கே வந்தால் என்ன செய்வார்? அவருக்கு விரல்கள்தானே கண்கள்! 'தொடாதே' என்று சொன்னால், 'பார்க்காதே' என்று சொன்னதாகத்தானே ஆகும்?

இத்தாலி நாட்டில் அங்கோனா என்று ஒரு துறைமுக நகரம் உண்டு. அங்கே வாழ்ந்த ஆல்டோ கிராசினி, அவருடைய மனைவி டேனியலா போட்டேகோனி இருவருக்கும் பார்வை கிடையாது. ஆனாலும், ஊர் ஊராகச் சுற்றுவதென்றால் இருவருக்கும் கொள்ளை ஆசை. கலைகளிலும் மிகுந்த ஈடுபாடு. போன இடங்களில் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால், 'தொடக்கூடாது' என்று தடுத்தார்கள். அவர்கள் சலித்துப்போய் வீட்டிலேயே உட்கார்ந்துவிடவில்லை. 'தொட்டுப் பார்ப்பதற்கென்றே நம் ஊரில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினால் என்ன?' என்று யோசித்தார்கள். நகராட்சியிடம் எடுத்துச் சொன்னார்கள்.

1993ஆம் ஆண்டு அந்த அருங்காட்சியகம் பிறந்தது. அதற்கு 'ஓமெரோ' என்று பெயர் வைத்தார்கள். பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமரைத்தான் இத்தாலிய மொழியில் அப்படி அழைப்பார்கள். அவர் பார்வையற்றவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1999இல் இத்தாலியப் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, இதை அரசு அருங்காட்சியகமாக ஆக்கியது. 2012இல் கடலோரத்தில் உள்ள ஐந்து மூலைப் பழைய கட்டடம் ஒன்றுக்கு இது இடம் மாறியது. கப்பலில் வரும் நோயாளிகளைத் தனிமைப்படுத்தி வைப்பதற்காக 18ஆம் நூற்றாண்டில் கட்டிய கட்டடம் அது. மனிதர்களை ஒதுக்கி வைத்த இடம், இன்று எல்லோரையும் வரவேற்கிறது!

உள்ளே என்ன இருக்கிறது?

புகழ்பெற்ற சிலைகளின் அச்சு அசலான நகல்கள் இருக்கின்றன. மைக்கேல் ஏஞ்சலோ செதுக்கிய சிற்பங்களின் நகல்களைக்கூடத் தடவிப் பார்க்கலாம். நகல் என்பதால் தொட்டாலும் கவலையில்லை. இக்காலச் சிற்பிகளின் அசல் படைப்புகளும் உண்டு. விளக்கங்கள் பிரெய்ல் எழுத்தில் இருக்கின்றன.

சரி, கோயிலையும் கோபுரத்தையும் எப்படித் தொட்டுப் பார்ப்பது? சுவரைத் தொடலாம், உச்சி கைக்கு எட்டுமா? அதற்காகக் கிரேக்க நாட்டுப் பார்த்தினான் கோயில், ரோம் நகரப் பேராலயம் போன்றவற்றைச் சிறிய மாதிரிகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். இரண்டு கைகளாலும் தடவினால் தூண் எங்கே, கூரை எப்படி என்று முழுக் கட்டடமும் விளங்கிவிடும்.

கண் ஒரு பொருளை ஒரே நொடியில் முழுதாகப் பார்த்துவிடும். விரல் அப்படியல்ல, கொஞ்சம் கொஞ்சமாகத் தடவித்தான் தெரிந்துகொள்ளும். அவற்றையெல்லாம் மூளை ஒன்று சேர்த்து உருவமாக்கும். ஆகவே, தொட்டுப் பார்ப்பவருக்கு நேரம் அதிகம் வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது!

சிலையைத் தடவலாம், ஓவியத்தை?

தட்டையான ஓவியத்தில் தொட என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் உள்ள பிராடோ அருங்காட்சியகம் 2015இல் அதற்கும் வழி காட்டியது. ஆறு ஓவியங்களின் நகல்களைச் சில மில்லிமீட்டர் மேடு பள்ளத்தோடு உருவாக்கி வைத்தது. அதில் ஒன்று மோனாலிசா! பார்வை உள்ளவர்களுக்கு, கண்ணை மறைக்கும் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, "நீங்களும் விரலால் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார்கள்.

நான் கற்ற பாடம்

குழந்தைகளே, இதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு வருடம் பள்ளியில் ஓவியக் கண்காட்சி வைத்தோம். மாடியில் உள்ள பெரிய அறையைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். மாலையில் கீழே இறங்கி வந்தேன். போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவன் படிக்கட்டின் அடியில் உட்கார்ந்திருந்தான். "சார், என் படத்தை எந்தப் பக்கம் மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டான். எனக்குப் பேச வாயெழவில்லை. அவன் வரைந்த படம் மேலே இருந்தது; அவன் கீழே இருந்தான். அடுத்த வருடம் கண்காட்சியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினோம். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. ஆனால், முதல் வருடமே எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

உங்கள் பள்ளிக் கண்காட்சியில்...

* கீழ்த்தளத்தில் வையுங்கள். வாசலில் படி இருந்தால் சாய்தளம் வேண்டும். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. அரை அடிப் படிக்கு எத்தனை அடி? நீங்களே சொல்லுங்கள்!

* சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் சுமார் 4 அடி உயரத்தில் இருக்கும். படங்களை அதற்கேற்ற உயரத்தில் மாட்டுங்கள். நடைபாதையில் மேசை, நாற்காலியைக் குறுக்கே போடாதீர்கள்.

* விளக்கங்களை வெள்ளைத் தாளில் கறுப்பு மையால், பெரிய எழுத்தில் எழுதுங்கள். மங்கலான பார்வை உள்ளவர்களுக்கும், ஏன், தாத்தா பாட்டிகளுக்கும் உதவும்.

* காது கேளாதவர்களுக்கு, வாயால் சொல்வதையெல்லாம் எழுதியும் வையுங்கள். சைகை மொழி தெரிந்தவர் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள்.

* ஓவியத்தின் கோடுகள் மீது பசை தடவிச் சணல் நூலை ஒட்டுங்கள். வயலுக்கு மணல், மரத்துக்குக் காய்ந்த இலை என்று ஒட்டலாம். தொட்டுப் பார்க்கும் ஓவியம் தயார்!

* பார்வையற்றவருக்குப் படத்தை விளக்கும்போது, முதலில் படம் எவ்வளவு பெரியது, எதைப் பற்றியது என்று சொல்லுங்கள். பிறகு இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். நிறங்களையும் விடாதீர்கள். வளர்ந்தபின் பார்வையை இழந்தவர்கள் பலருக்கு நிறங்கள் நினைவிருக்கும்.

* எல்லாவற்றுக்கும் முன்னால், "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று அவர்களிடமே கேளுங்கள். கேட்காமல் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை. கண்ணைக் கட்டிக்கொண்டு, நண்பன் செய்த களிமண் பொம்மையைத் தடவி, அது என்னவென்று கண்டுபிடியுங்கள். பிறகு, உங்கள் பள்ளி வாசலுக்குப் போய்ப் படிகளை எண்ணிப் பாருங்கள். அந்தப் படிகளில் ஏற முடியாத பிள்ளை உங்கள் கண்காட்சிக்கு எந்த வழியாக வருவான்? விடை கிடைத்ததும் உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?