சிகிச்சைக்கு நடுவே ஊருக்குப் போகலாமா?



"டாக்டர், தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். ரெண்டு நாள் போயிட்டு வந்துடட்டுமா?" புற்றுநோய் வார்டில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்கும்போதே முகத்தில் பயம் தெரியும், திட்டுவாரோ என்று. சிலர் கேட்காமலே போய்விடுகிறார்கள். மாதக்கணக்கில் கழித்து, நோய் முற்றிய பிறகு திரும்பி வருகிறார்கள். ஆகவே தயங்காமல் கேளுங்கள். பல சமயம் 'போகலாம்' என்றுதான் பதில் வரும். எப்போது போவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கரண்ட் வைத்துக்கொள்கிறவர்கள் (கதிர் சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்கிறோம்) நடுவில் விடவே கூடாது. வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரம் கொடுப்பது, நோய் அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பதற்காக. இடைவெளி விட்டால் மிஞ்சிய அணுக்கள் மறுபடி பெருகிவிடும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு, வெளியிலிருந்து தருவதும் உள்ளே வைத்துத் தருவதும் சேர்த்து எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். பொங்கலுக்கென்று போய்ப் பத்து நாள் தங்கினால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். சனி, ஞாயிறில் பக்கத்து ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை காலை வந்துவிடலாம் என்றால் கேட்டுப் பாருங்கள். தூரத்து ஊர் வேண்டாம். கல்யாணம் நடக்கட்டும், சிகிச்சை முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிதானமாகப் போய்ப் பாருங்கள்.

மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுகிறார்கள் என்றால், ஏற்றிய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். கிருமியை எதிர்க்கும் படையே அதுதான். அந்த நாட்களில் கல்யாணக் கூட்டம், திருவிழா, நெரிசல் பஸ் எதுவும் ஆகாது. மூன்றாவது வாரத்தில் உடம்பு ஓரளவு தேறிவிடும். போவதானால் அப்போது போங்கள். வாராவாரம் ஏற்றுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். கல்யாணத் தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரும் யோசித்து வழி சொல்லுவார். நீங்களாகத் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஊரில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? இதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தெர்மாமீட்டர் கையோடு இருக்கட்டும். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால், "வெயில்ல அலைஞ்ச சூடு" என்று கஷாயம் குடித்துப் படுத்துவிடாதீர்கள். காய்ச்சல் மாத்திரை போட்டால் சூடு இறங்கும், உள்ளே கிருமி பெருகிக்கொண்டே இருக்கும். விடியட்டும் என்று காத்திருந்து உயிரைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. அன்று இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்; வண்டி இல்லையென்றால் 108-க்குப் போன் செய்யுங்கள். போனதும், "மருந்து ஏத்தி இத்தனை நாள் ஆச்சு" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். குளிர் நடுக்கம் கண்டாலும் இதே கதைதான்.

சாப்பாடு சூடாக இருக்கட்டும், தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். கடை மோர், ஐஸ் போட்ட சர்பத், நறுக்கி வைத்த பழம், தேங்காய்ச் சட்னி எல்லாம் வேண்டாம். கோயிலுக்குப் போகலாம். ஆனால் குளத்தில் முங்க வேண்டாம். முடிதான் கொட்டுகிறதே, வேண்டுதலை முடித்துவிடலாம் என்று மொட்டைக்கு உட்காருகிறவர்கள் உண்டு. கத்தி பட்டு ஒரு கீறல் விழுந்தாலும் அது புண்ணாகும் காலம் இது. சாமி காத்திருப்பார்.

மார்பில் ஆபரேஷன் ஆனவர்கள் அந்தப் பக்கக் கையால் பெட்டி தூக்கக் கூடாது. நீண்ட பயணத்தில் மணிக்கொரு தரம் எழுந்து நாலு அடி நடக்க வேண்டும். முடியாவிட்டால் பாதத்தையாவது ஆட்டிக்கொண்டிருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ இரத்தக்கட்டியாக இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

போகிற வீட்டில் தனித் தட்டு, தனித் தம்ளர் வைப்பார்கள். மனசு நோகும். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, கூடச் சாப்பிட்டாலும் ஒட்டாது என்று கூட வருகிறவர் முன்னாலேயே சொல்லி வைக்கட்டும். நீங்கள் வாய்விட்டுச் சொல்லும்படி ஆகக் கூடாது.

சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் போய்வர ரயிலில் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சான்றிதழைக் காட்டினால் நோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் குறையும். கல்யாணத்துக்குப் போக இது கிடையாது.

மாத்திரைகளைப் பெட்டியில் போட்டு மேலே ஏற்றிவிடாமல் கைப்பையில் வையுங்கள்; இரண்டு நாளைக்குக் கூடுதலாகவே இருக்கட்டும். வலிக்கு மார்பின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சீட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்று உங்களிடமும், ஒன்று துணைக்கு வருகிறவரிடமும் இருக்கட்டும். அடுத்து எந்தத் தேதிக்கு வர வேண்டும் என்பதை அதன் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.