காட்டாமணக்கு எண்ணெய்: அதற்குள் இருப்பது என்ன?

வாழைச்சேனை, வாகரைப் பகுதிகளில் 1990 இலும் 2006–2007 இலும் இடம்பெயர்ந்து, பின்னர் ஊர் திரும்பிய குடும்பங்கள் பல. ஆளில்லாத வளவுகளில் வேலிக் கதியாலாக நட்ட காட்டாமணக்கு பற்றையாகிக் காய்த்து நிற்பதுண்டு. ஆடு மாடு அதனைக் கடிப்பதில்லை. வரட்சியும் எளிதில் கொல்வதில்லை. விதையில் எண்ணெய் உண்டு என்பதும் யாவரும் அறிந்ததே. அவ்வெண்ணெய் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை இங்கு நோக்குவோம்.

எண்ணெயின் கூறுகள்

நன்கு காய்ந்த விதையில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை எண்ணெய் இருக்கும். எல்லாத் தாவர எண்ணெயும் போல இதுவும் கிளிசரினுடன் கொழுப்பமிலங்கள் பிணைந்து உண்டானதாகும். அவ்வமிலங்களுள் ஒலெயிக் அமிலம் நூற்றுக்கு 40 பங்கையும், லினோலெயிக் அமிலம் 30 முதல் 40 பங்கையும் ஒட்டி நிற்கும். பாமிற்றிக் அமிலம் 15 பங்கு அளவிலும், ஸ்ரீயரிக் அமிலம் 7 பங்கு அளவிலும் உள்ளன. மண்ணுக்கும் இனத்துக்கும் ஏற்ப இவை சற்றுக் கூடிக் குறையும்.

இந்தக் கணக்கை நல்லெண்ணெயோடு ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். அதிலும் ஒலெயிக், லினோலெயிக் அமிலங்கள் இரண்டும் நூற்றுக்கு 40 பங்கை ஒட்டியே உள்ளன. ஆமணக்கெண்ணெயோ முற்றிலும் வேறு. அதில் பத்தில் ஒன்பது பங்களவு ரிசினோலெயிக் அமிலமே. எனவே பெயரில் ஆமணக்குக்கு உறவாகத் தோன்றும் காட்டாமணக்கின் எண்ணெய், கூறுகளில் எள்ளெண்ணெய்க்கே நெருங்கியது.

ஆபத்து இருப்பதும் இங்கேதான். நிறத்திலும் தன்மையிலும் சமையல் எண்ணெய் போலவே இருக்கும் இவ்வெண்ணெயில், போர்போல் எஸ்ரர் எனப்படும் நச்சுப்பொருள் மிகச் சிறிய அளவில் கரைந்துள்ளது. அது குடலையும் தோலையும் தாக்குவது. எலிகளின் தோலில் நடத்திய சோதனைகளில், புற்றுக்கட்டி வளரத் துணைசெய்வதாகவும் காணப்பட்டுள்ளது.

விதையில் குர்சின் என்ற நச்சுப் புரதமும் உண்டு. அது சூட்டில் அழியும். போர்போல் எஸ்ரர் சமையற் சூட்டில் அழியாது. ஆகவே வறுத்தாலும், காய்ச்சினாலும், பொரித்தாலும் இவ்வெண்ணெய் உணவாகாது. மெக்சிக்கோவின் சில பகுதிகளில் இந்நச்சு இல்லாத இனம் ஒன்றை மக்கள் வறுத்து உண்கின்றனர். எமது வேலிகளில் நிற்பதை அந்த இனமென்று எண்ணிவிடக் கூடாது.

பிள்ளைகளும் கால்நடைகளும்

விதையின் பருப்பு வாய்க்குச் சுவையானது. காம்பை ஒடித்து அதன் பாலில் குமிழி ஊதி விளையாடும் பிள்ளைகள் கீழே கிடக்கும் விதையையும் உடைத்து உண்பர். சிறிது நேரத்துக்குள் தொண்டை எரிவு, வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம் என்பன தொடங்கும். உடல் நீர் இழந்து சோர்வதே பெரிய ஆபத்து. உப்புநீர் பருக்கி வாந்தி எடுப்பிக்க முயலாது, மீதி விதையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

எண்ணெய் பிழிந்த புண்ணாக்கிலும் நச்சு தங்கியிருக்கும். ஆட்டுக்கோ மாட்டுக்கோ அதனை வைக்கலாகாது. எனினும் நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் நைதரசன் உள்ள அது மண்ணுக்கு நல்ல பசளை.

எதற்கு உதவும்?

முதலாவது, விளக்கு. முன்னாளில் கேப் வேர்டே தீவுகளிலிருந்து இவ்விதை விளக்கெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்குமாக லிஸ்பனுக்கு ஏற்றுமதியானது. மண்ணெண்ணெயைவிடத் தடிப்பானதால் குப்பி விளக்கின் நீண்ட திரியில் இது ஏறாது. அகன்ற சட்டியில் குட்டைத் திரியிட்டு, காற்றோட்டமான இடத்தில் எரிக்கலாம்.

இரண்டாவது, துணி தோய்க்கும் சவர்க்காரம். 1 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 135 கிராம் கோஸ்ரிக் சோடா தேவை. தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 180 கிராம் வேண்டும். அந்த அளவை இதற்கு இட்டால் மிஞ்சிய சோடா தோலை எரிக்கும். கையுறை அவசியம். உடலுக்குப் பூசும் சவர்க்காரமாக இதனைச் செய்யாதிருப்பதே நன்று.

லினோலெயிக் அமிலம் காற்றுப் பட்டால் கெடுவது. ஆதலால் விதையை நன்கு காயவைத்து, எண்ணெயை மூடி இருளில் வைக்க வேண்டும். எள்ளு ஆட்டும் செக்கில் இதனை ஒருபோதும் ஆட்டக் கூடாது.

வயலை இதற்குக் கொடுக்கலாமா?

2003 இல் இந்தியத் திட்டக்குழுவின் அறிக்கை, காட்டாமணக்கு டீசலுக்குப் பெரும் திட்டம் ஒன்றைப் பரிந்துரைத்தது. தரிசிலும் நீரின்றியும் விளையும் என்ற பேச்சை நம்பித் தமிழ்நாட்டு விவசாயிகள் பலர் தம் நிலத்தில் நட்டனர். அங்கு நடந்த ஆய்வொன்று 2010 இல் வெளியானது. விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, செலவுக்கு வரவு கட்டவில்லை, நீர் வசதி இருந்தால்தான் ஓரளவு பயன் என்பதே அதன் முடிவு. செடி வரட்சியில் சாவதில்லை என்பது உண்மை; ஆனால் சாகாமல் நிற்பது வேறு, காய்ப்பது வேறு. 1 லீற்றர் எண்ணெய்க்கு 4 முதல் 5 கிலோ விதை வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்க.

ஆகவே காட்டாமணக்கு வேலியில் நிற்கட்டும். பிள்ளைகள் விளையாடும் பக்கத்தில் நிற்பதை மட்டும் வெட்டிவிடுவோம். பெருந்தோட்டமாக நடச் சொல்லி யாரேனும் வந்தால், விதையை யார் வாங்குவார், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு என எழுத்தில் கேட்போம். திரும்பக் கிடைத்த நிலத்தில் முதலில் நெல்லும் கச்சானும் மரக்கறியும் விளையட்டும்.