குடிநீரில் ஆர்சனிக்: கல்லீரலுக்குள் நடப்பது என்ன?

கல்லீரல் கெட்டுவிட்டது என்றால் முதலில் மதுவைத்தான் சந்தேகிப்போம். குடிநீரையும் சந்தேகிக்க வேண்டும் என்று காட்டிய ஊர்களில் ஒன்று கொல்கத்தா.

அந்நகரின் கிடர்பூர் துறைமுகத்திலிருந்து சிறிது தொலைவில் உள்ளது எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை. அங்கே டி. என். குஹ மஜும்தார் தலைமையிலான மருத்துவர்கள், ஆர்சனிக் கலந்த குழாய்க்கிணற்று நீரைக் குடித்த மேற்கு வங்க மக்களைப் பரிசோதித்தனர். 248 நோயாளிகளில் 190 பேருக்குக் கல்லீரல் வீங்கியிருந்தது. திசு எடுத்துப் பார்த்த 69 பேரில் 63 பேருக்கு, கல்லீரலுக்குள் ரத்தம் நுழையும் வழிகளைச் சுற்றி நார் படிந்திருந்தது.

கங்கைச் சமவெளியின் வண்டலிலேயே ஆர்சனிக் இருக்கிறது. அது நிலத்தடி நீரில் கரைகிறது. தொழிற்சாலையும் காரணமாகலாம். கிடர்பூருக்குத் தெற்கே பெஹாலாவில் 'பாரிஸ் கிரீன்' பூச்சிக்கொல்லி தயாரித்த ஆலையின் கழிவால் குடியிருப்புப் பகுதியின் நிலத்தடி நீர் நஞ்சானதை ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993இல் பதிவு செய்தனர்.

உடலுக்குள் வரும் ஆர்சனிக்கோடு மெத்தில் தொகுதியைச் சேர்த்து, சிறுநீரில் வெளியேற்றக் கல்லீரல் முயல்கிறது. இதைச் செய்வது ஏ.எஸ்.3.எம்.டி. என்ற நொதி. ஆனால் நடுவில் உருவாகும் சில சேர்மங்கள் முதலில் வந்த ஆர்சனிக்கைவிடக் கொடியவை. அவற்றைச் சமாளிக்கும் குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருளும் செலவாகிறது.

இந்தத் தேய்மானம் எலிச் சோதனையில் படிப்படியாகத் தெரிந்தது. லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் ஆர்சனிக் கலந்த நீரைக் குடித்த எலிகளின் கல்லீரலில், ஆறாம் மாதம் குளுட்டாதயோனும் அதைச் சார்ந்த நொதிகளும் குறைந்தன. ஒன்பதாம் மாதம் கேட்டலேஸ் என்ற காப்பு நொதி சரிந்தது. பன்னிரண்டாம் மாதம் கொழுப்பு சேர்ந்தது. பதினைந்தாம் மாதம் நார் படிந்தது. நொதிகள் தளர்ந்த பிறகே திசு கெட்டது.

வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அளக்கப்படும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. இரண்டும் சிதைந்த செல்களிலிருந்து ரத்தத்தில் கசியும் நொதிகள். கல்லீரலின் காப்பு நொதிகள் எவ்வளவு தளர்ந்தன என்பதை அவை சொல்லாது. அதனால் அறிக்கையில் 'நார்மல்' என்று வந்ததை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது.

குடிநீரில் கலந்த ஆர்சனிக்குக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் அதை ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். வரம்பைத் தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரைத் தேடுங்கள்.