மேய்ச்சல் தரைகளை இடவிளக்கப்படத்தில் அறிதல்

பெரும்போகத்துக்கு வட்டைகள் விதைக்கப்பட்டதும், கரைவாழ் கமக்காரர் தம் மாட்டுப் பட்டிகளை உட்புறத்து மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுசெல்லுதல் வழக்கம். அங்கே குடியிருப்புகள் குறைவு. வழி கேட்பதற்கும் ஆள் கிடைப்பது அரிது. அதனையடுத்து வடகீழ்ப் பருவமழை வருகின்றது. மேடான இடத்தை முன்னரே தெரிந்துகொள்ளாது பட்டியடிப்பவர் ஓரிரவு வெள்ளத்திற் கன்றுகளை இழக்க நேரிடலாம். ஆகவே, நில அளவைத் திணைக்களத்தின் இடவிளக்கப்படத்தை வாசிக்கப் பழகுதல் சாய்ந்தமருதுக் கமக்காரருக்குப் பெரும் பயன் தரும்.

அளவுத்திட்டம்: பழைய படங்களில் ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும். பிற்காலத்து 1:50,000 படங்களில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றராகும். வளைந்த பாதையின் மேல் நூலொன்றை வைத்து, பின்னர் அந்நூலை அளந்து தூரத்தை அறியலாம்.

சமவுயரக் கோடுகள்: இவை ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை. நெருங்கியிருப்பின் நிலம் செங்குத்தானது. விலகியிருப்பின் சரிவு குறைந்தது. ஆற்றுப் பள்ளத்தை இக்கோடு கடக்குமிடத்தில் முனைபோல வளையும். அம்முனை நீர் வரும் திசையை நோக்கியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே பல மீற்றர் உயர வேறுபாடு உண்டு. ஆதலால், கோடில்லாத வெளி முழுவதும் ஒரே மட்டமென எண்ணலாகாது. மாடுகளை நீரில் நிறுத்தக்கூடிய மூன்றடிப் பள்ளம் படத்தில் தோன்றாது. அதனை மரங்களிலுள்ள வெள்ள அடையாளங்களைப் பார்த்தும், அனுபவமுள்ள பட்டிக்காரரைக் கேட்டுமே அறிதல் வேண்டும்.

பெயர்கள்: சிங்களப் பெயர்களில் 'வெவ' என்பது குளம், 'ஓயா' என்பது ஆறு, 'கந்த' என்பது மலை. வரட்சிக்கு நீர் தேடுவோருக்கு இவை உதவும்.

ஆண்டு: படம் அளக்கப்பட்ட ஆண்டை அதன் ஓரத்திற் பார்க்கவும். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்கு முந்திய படத்தில் சேனநாயக்க சமுத்திரம் இராது. அத்தகைய படத்தை நம்பிச் செல்பவர், தரையென்று கருதிய இடத்தில் நீரைக் காண்பர்.

எல்லை: இடவிளக்கப்படம் காணி உரிமைக்குச் சான்றன்று. ஒதுக்குக் காடுகளின் எல்லைகள் படம் அச்சான பின்னர் மாறியிருத்தலும் கூடும். எனவே, பட்டியை நகர்த்துமுன் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்க. படத்தில் இடத்தைத் தெரிந்து, மழைக்கு முன் ஒருமுறை நேரிற் சென்று பார்த்த பின்னரே மாடுகளைக் கொண்டுசெல்வது நன்று.