குனிந்து போகிறவரே, கொஞ்சம் நில்லுங்க!

ஒரு ரகசியத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆபீசுக்கு லேட்டாகிற நாட்களில், மூடிய ரயில்வே கேட்டுக்கு அடியில் ஸ்கூட்டரைச் சாய்த்து, உடம்பை வளைத்து அந்தப் பக்கம் போயிருக்கிறேன். யோகா மாஸ்டர் பார்த்தால் சபாஷ் சொல்வார். மேனேஜர்தான் ஒரு நாளும் சொன்னதில்லை!

போன வாரம் இதை எதிர்வீட்டு வக்கீலிடம் பெருமையாகச் சொல்ல, மனுஷர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அடிபட்டா உன் வீட்டுக்கு என்ன கிடைக்கும்னு நினைக்கிறே?"

"ரயில்வே எட்டு லட்சம் தருமே சார்!"

"அது உள்ளே டிக்கெட்டோட உட்கார்ந்திருக்கிறவனுக்குப்பா. நீ வெளியில நிக்கிறே!"

அப்புறம் ஒரு மணி நேரம் பாடம். ரயில் விபத்தில் பயணி இறந்தால், தப்பு யார் மேல் என்று கேட்காமல் ரயில்வே பணம் கொடுத்தாக வேண்டும். 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டம், 124-வது பிரிவு. 2017 ஜனவரியிலிருந்து அந்தத் தொகை எட்டு லட்சம். ரோட்டில் போகிறவருக்கு இந்தப் பிரிவு உதவாது. ரயில்வே அலட்சியமாக இருந்தது என்று நிரூபித்தால்தான் நஷ்டஈடு. மூடின கேட்டை நாமே திறந்தாலோ, மூணு வருஷம் வரை உள்ளே!

"அப்ப ரயில்வே எப்பவும் தப்பிச்சுடுமா சார்?"

இல்லையாம். 1979 மே மாதம். கேரளாவில் அகப்பரம்பு என்ற இடத்தில், ஆளில்லாத கேட்டைக் கடந்த வாடகை வண்டி மேல் ரயில் மோதி, டிரைவரும் 40 பயணிகளும் போய்விட்டார்கள். ஆளில்லா கேட் என்றால் வண்டியை நிறுத்தி, கிளீனரோ கண்டக்டரோ நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். யாருமில்லை என்றால் டிரைவரே இறங்க வேண்டும் என்கிறது சட்டம். (எந்த டிரைவர் இறங்கி நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?) ஆனால், இத்தனை வண்டி போகிற இடத்தில் ஆள் போடாததே ரயில்வேயின் அலட்சியம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. டிரைவர் செய்த தப்பைப் பயணிகள் தலையில் கட்ட முடியாது. மோட்டார் விபத்து டிரிப்யூனலிலேயே ரயில்வே மேலும் கேஸ் போடலாம் என்றும் சொன்னது. எப்போது? 1997-ல்! அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்தது, அதற்குள் காலேஜுக்கே போயிருக்கும்.

அகலப்பாதையில் ஆளில்லா கேட்டெல்லாம் 2019 ஜனவரியோடு ஒழிந்தன. ஆள் இருந்தால் போதுமா? 2025 ஜூலை 8-ம் தேதி, கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் ஸ்கூல் வேன் மேல் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே கேட்கீப்பர் இருந்தார். கேட்டை மூடினால்தான் ரயிலுக்கு சிக்னல் விழும் என்கிற 'இன்டர்லாக்' ஏற்பாடுதான் இல்லை. ரயில்வே தலைக்கு ஐந்து லட்சம் அறிவித்தது. வேனுக்குள் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகள் செய்த தப்பு என்ன?

வக்கீல் டம்ளரை எடுத்தபோது காபி ஆறிப்போயிருந்தது.

மறுநாள் கேட்டில் நின்றேன். பக்கத்தில் ஓர் இளைஞர் பைக்கைச் சாய்க்க ஆரம்பித்தார். "தம்பி, எட்டு லட்சம் கிடைக்காதுப்பா!" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லாட்டரியா சார்?" என்றார்.