சொல்லுக்குள்ளே – 5: ‘ணா’வில் ஒளிந்த மறுப்பு

சென்ற வாரம் ஒலியனைப் பார்த்தோம். ‘மலை’யில் லகரத்தை எடுத்து ழகரத்தை வைத்தால் மழை கொட்டும். பொருளை மாற்றும் அந்த ஒலிக்குத் தனக்கென்று பொருள் கிடையாது. இந்த வாரம் உருபன். இதற்கு மேல் வெட்டினால் பொருள் சிதையும் என்கிற அளவுக்குச் சிறிய, பொருளுள்ள துண்டு. உதாரணத்துக்கு 814 மீட்டர் உயர மலை ஒன்றின் பெயரே போதும்.

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக ‘அண்ணாமலை’, ‘அருணாசலம்’ என்ற இரண்டு பெயரும் மாறி மாறிக் காதில் விழும்.

அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்ணா என்றால் நெருங்க முடியாத. பிரமனும் திருமாலும் முடியும் அடியும் தேடித் தோற்ற கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் பொருள் இது. எட்டாக்கனி, வாடாமலர் எல்லாம் இதே வார்ப்புதான். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதுவே. மறுப்பு முழுவதும் அந்த ‘ஆ’வில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ‘உம்’ போடுங்கள்: அண்ணும் மலை. யார் வேண்டுமானாலும் நெருங்கலாம். இப்படி ஒன்றை எடுத்து இன்னொன்றை வைத்துப் பார்த்துத்தான் மொழியியலார் உருபனை அடையாளம் காண்கிறார்கள்.

இனி வடமொழிப் பெயர். அருண என்றால் சிவந்த. சல என்றால் அசைகிற. அசலம் என்றால் அசையாதது, மலை. நீதி அநீதி ஆவதுபோல இங்கே மறுப்பு முன்னால் நிற்கும் ‘அ’. அருண, அசலம் இரண்டும் சேரும்போது இரண்டு அகரமும் கலந்து ‘ஆ’ ஆகிவிடுகின்றன.

இரண்டு பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். அண்ணாமலை. அருணாசலம். இரண்டிலும் மறுப்பு உட்கார்ந்திருப்பது ‘ணா’வில்! தமிழ் வேர்ச்சொல்லின் வாலில் மறுக்கிறது, வடமொழி தலையில் மறுக்கிறது. வெவ்வேறு குடும்பத்து மொழிகள் இரண்டும் ஒரே எழுத்தில் வந்து சந்திக்கின்றன. முதன்முதலாகத் தாளில் பிரித்து எழுதியபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ‘ணா’ உயிர்மெய் என்பதால் கத்தி எழுத்துக்கு நடுவே இறங்க வேண்டியிருக்கிறது. எழுத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது படாது.

ஒலி இருந்தும் பொருள் இல்லாத துண்டும் உண்டு. ‘திரு’வுக்கும் ‘அண்ணாமலை’க்கும் நடுவே நிற்கும் ‘வ்’ வெறும் உடம்படுமெய். பேச்சில் ‘திருண்ணாமலை’ என்கிறோம், ஒன்றும் குறையவில்லை. 1767இல் ஐதர் அலியின் படையோடு இங்கே நடந்த போரை ஆங்கிலேயர் ‘திரினாமலி’ என்று எழுதினார்கள். அதிலும் வகரம் இல்லை.

‘அண்ணாந்து பார்க்கிற மலை, அதான் அண்ணாமலை’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கொண்டால் ‘அண்ணா’ முழுதாக ஒரு வினையடி. கத்தி நுழைய இடமில்லை, மறுப்பும் இல்லை. எழுத்தும் ஒலியும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

கிரிவலக் கூட்டம் ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ என்கிறது. அந்த ‘ஆர்’ மனிதருக்குப் போடும் மரியாதை. மலைக்கு எப்படி வந்தது? அடுத்த வாரம்.