தராசு இல்லாத வேலை

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் மாலையில் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டால் அன்றைய வேலை தீர்ந்தது. அதே லயத்தில் கம்ப்யூட்டரோடு உட்காரும் மகளுக்கு அப்படி ஒரு தராசு இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, பெருநகர அலுவலகங்களிலிருந்து இடுக்கி, பாலக்காடு எல்லை ஊர்களுக்குத் திரும்பியவர்கள் கண்ட சங்கடம் இது. "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று ரேஷன் கடைக்கு அனுப்பும் குடும்பம் ஒருபுறம். இரவு 9 மணிக்கும் போன் செய்யும் மேலதிகாரி மறுபுறம்.

போதாக்குறைக்கு வானிலையும் நேரம் குறிக்கிறது. தென்மேற்குப் பருவமழை வலுத்தால் இடுக்கி மலையில் மின்சாரமும் சிக்னலும் கைவிடும். பாலக்காட்டிலோ 2024 ஏப்ரலில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. மதியத்தில் மூளை ஓடாது. எனவே கவனம் தேவைப்படும் வேலையைக் காலையிலேயே முடிப்பது நல்லது. சிக்னல் இருக்கும்போதே தேவையான ஃபைல்களை இறக்கி வைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

ஆனால் தனி மனிதரின் அட்டவணை மட்டும் போதாது. பணி நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-லேயே சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்குச் சம நடத்தை கோரும் 1996-ம் ஆண்டு ஐ.எல்.ஓ. உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

அதுவரை, எத்தனை மணிக்கு வேலையை முடிப்போம் என்பதை வீட்டாரிடமும் அலுவலகத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் கையில் இருக்கும் தராசு.